மரக் கம்பமும் அலையின் திசையும்

தலைநகரில் வளர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு 1980 களின் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல்கள் நினைவிலிருக்கும். தொலைக்காட்சியில் பிராந்திய மொழிப் படங்கள் முறைவைத்து வரும்; பல வாரங்கள் காத்திருந்தபின் தமிழின் முறை வந்து சேரும். அன்று காலையிலேயே மொட்டைமாடிக்கு ஓர் ஆள் ஏறிவிட வேண்டும். நம் வீட்டில் ஏறியவர் தந்தையார். ஆன்டெனாவைத் தாங்கி நின்றது ஒரு மூங்கில். அதைச் சிறிது திருப்பி, "தெரிகிறதா?" என்று அவர் குரல் கொடுப்பார். படிக்கட்டின் நடுவில் நின்ற நாம் அக்கேள்வியை வீட்டுக்குள் அனுப்பி, அம்மா சொல்லும் விடையை மேலே அனுப்புவோம். "இல்லை", "கொஞ்சம்", "இப்போது நன்று", "போய்விட்டது, அப்பா!" என்று அரைமணி நேரம் கழியும்.

தந்தையார் முதலில் ஒரு வழி கண்டார். படம் தெளிவாகத் தெரிந்த நிலையில் மூங்கிலின்மேல் சுண்ணாம்பால் ஒரு கோடு இட்டார். அடுத்த முறை ஏறியபோது கோடு இருந்தது, படம் இல்லை. வெயிலில் வற்றிய மூங்கிலும் தளர்ந்த கயிறும் சேர்ந்து ஆன்டெனாவோடு அந்தக் கோட்டையும் திருப்பிவிட்டிருந்தன. அவர் சற்று நேரம் நின்று யோசித்தார். பிறகு கோட்டை மூங்கிலில் இடாமல், மாடியின் கைப்பிடிச் சுவரின்மேல், நிலையத்தை நோக்கி நீளமாக இட்டார். அதன்பின் அரைமணி நேர வேலை இரண்டு நிமிடத்தில் முடிந்தது. சுவர்க்கோட்டுக்கு நேராக ஆன்டெனாவின் தண்டைத் திருப்பினால் போதும்.

கோட்டை மூங்கிலில் இடுவதா, சுவரில் இடுவதா என்னும் அச்சிறு வினாவுக்குள் நூறாண்டுக்கு மேற்பட்ட ஒரு வரலாறு அடங்கியிருந்தது. அது நமக்கு வெகுநாள் கழித்தே புலப்பட்டது. சில ஆண்டுகளுக்கு முன் நம் மொழிபெயர்ப்பு மேசைக்கு ஒரு தொழில்நுட்பக் கையேடு வந்தது. மரத்தாலான பொதுக் கம்பங்களில் கம்பியில்லாத் தொடர்புக்குரிய ஆன்டெனாக்களைப் பொருத்தி, அவற்றின் அலைன்மெண்ட் கெடாமல் காப்பது எப்படி என்பது அதன் பொருள். கலைப் பாடம் பயின்ற நாம் அச்சொல்லுக்கு முதலில் "நேர்ப்படுத்துதல்" என்று எழுதினோம். அது ஒரே நாளில் செய்து முடிக்கும் வேலையைப்போல ஒலித்தது. கையேடு பேசியதோ ஓயாத காவலைப் பற்றி. ஆகவே எழுதியதை அடித்துவிட்டுத் "திசைகாத்தல்" என்று எழுதினோம். அச்சொல்லைத் துணைக்கொண்டு அவ்வரலாற்றை இங்கே சொல்ல முற்படுகிறோம்.

மின்காந்த அலையை மனிதன் முதன்முதலில் ஒரு திசையில் செலுத்தியபோதே மரம் உடனிருந்தது. 1888 ஆம் ஆண்டு ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் இரண்டு மீட்டர் உயரமுள்ள துத்தநாகத் தகட்டை மரச் சட்டத்தின்மேல் வளைத்துப் பொருத்தி, விளக்கின் பின்னால் வைக்கும் ஆடியைப்போல் ஓர் அலையாடி செய்தார். எதிரே இன்னோர் ஆடியை நிறுத்தினார். இரண்டும் ஒன்றையொன்று நேராக நோக்கியபோது பொறி தெரிந்தது. ஒன்றைத் திருப்பியபோது மறைந்தது. அவர் பயன்படுத்திய அலையின் நீளம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஏழாண்டுக்குப் பின், 1895 இல், கல்கத்தா நகர மண்டபத்தில் ஜகதீச சந்திர போஸ் அதனினும் மிகச் சிறிய அலைகளைச் சுவர் கடந்து செலுத்தி, மணியை ஒலிக்கவும் வெடிமருந்தைக் கொளுத்தவும் செய்து காட்டினார். அவருடைய கருவிகளில் இருந்த கொம்பு வடிவக் குழல்கள் அலையை ஒரு பக்கமாகக் கூட்டி அனுப்பின. திசையறிந்து அலையைச் செலுத்தும் கலை நம் நாட்டில் அத்துணைத் தொன்மையானது.

ஆனால் நெடுந்தூரம் செல்ல விரும்பிய மார்க்கோனி வேறு வழியில் சென்றார். அலை நீண்டால் தூரம் மிகும் என்பது அக்காலக் கருத்து. ஓர் அலையைத் திசைப்படுத்த வேண்டுமாயின் ஆடி அந்த அலையைக் காட்டிலும் பெரிதாயிருத்தல் வேண்டும். அலை பல நூறு மீட்டர் நீளமாயின் அதற்கேற்ற ஆடியை எங்கே நிறுத்துவது? ஆகவே திசை கைவிடப்பட்டது. எல்லாப் பக்கமும் அலை பரவிற்று. கம்பத்தின் கடமை கம்பியை உயரத்தில் தாங்குவது மட்டும் என்றாயிற்று. அக்கடமையே எளிதன்று. இங்கிலாந்தின் போல்டு முனையில் 200 அடி உயரமுள்ள 20 மரக் கம்பங்களை வட்டமாக நாட்டினர். 1901 செப்டம்பரில் வீசிய புயலில் அவை வீழ்ந்தன. அமெரிக்காவின் கேப் காட் கடற்கரையில் நாட்டியவை அவ்வாண்டு நவம்பரில் வீழ்ந்தன. டிசம்பர் 12 அன்று நியூபவுண்ட்லாந்தில் அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்த குறியைக் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தபோது, அவருடைய கம்பியைத் தாங்கியது கம்பமன்று. காற்றில் பறந்த ஒரு பட்டம்.

திசை மீண்டும் வந்தது மெல்ல மெல்ல. கம்பியைச் செங்குத்தாக நிறுத்திப் பின் கிடையாக மடித்து நீட்டினால், அதன் நுனி எப்பக்கம் நீள்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாக அலை மிகுந்து செல்வதை 1905 ஆம் ஆண்டளவில் மார்க்கோனி கண்டார். 1907 இல் அயர்லாந்தின் கிளிப்டனில் திறந்த நிலையம் இம்முறையில் அமைந்தது. கம்பங்கள் வரிசையாக நின்றன, அவ்வரிசையே திசையாயிற்று. ஒரு கம்பம் தன் இடத்தில் நின்றபடி முறுக்கிக்கொண்டாலும் வரிசை மாறாது. தந்தையார் சுவரில் இட்ட கோட்டைப்போல, திசை தரையில் எழுதப்பட்டுவிட்டது.

இம்முறையின் பெரிய வளர்ச்சியில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. 1920 களில் சிற்றலைகள் நெடுந்தூரம் செல்வது தெளிவானதும், மார்க்கோனி நிறுவனத்தின் பொறியாளர் பிராங்க்ளின் அவ்வலைகளைக் கற்றையாக்கும் கம்பித் திரைகளை வகுத்தார். 1926 இல் கனடாவுக்கும், 1927 இல் ஆஸ்திரேலியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் இங்கிலாந்திலிருந்து கற்றைத் தந்தி தொடங்கிற்று. இந்தியாவுக்குரிய சேவை 1927 செப்டம்பர் 6 அன்று திறக்கப்பட்டது. பூனாவை அடுத்த கிர்க்கியிலிருந்து செய்தி அனுப்பினர். தௌண்டில் செய்தி வாங்கினர். இங்கிலாந்தில் கிரிம்ஸ்பி அருகிலிருந்து அனுப்பினர். ஸ்கெக்னஸ் அருகில் வாங்கினர். இங்கே நின்றவை எஃகுக் கோபுரங்களே. ஆயினும் திசையை நிலத்தில் எழுதும் முறை அதுவே. கோபுரங்களின் வரிசையைச் செய்தி செல்ல வேண்டிய திசைக்குக் குறுக்கே, செங்கோணத்தில், நில அளவையாளர் வரைந்து கொடுத்தனர்.

அந்தத் திசை எது என்பதும் எளிய வினாவன்று. சுவரில் மாட்டிய மெர்க்கேட்டர் உலகப் படத்தில் கிர்க்கிக்கும் ஸ்கெக்னஸுக்கும் இடையே அளவுகோலை வைத்தால், வடக்கிலிருந்து மேற்காக ஏறத்தாழ 60 பாகை என்று காட்டும். உலக உருண்டையின்மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் ஏறத்தாழ 40 பாகை என்று காட்டும். உண்மையில் அலை செல்லும் வழி நூல் காட்டும் வழியே. சுவர்ப் படத்தை நம்பிக் கோபுரங்களை நாட்டியிருந்தால், 7,200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட அப்பயணத்தின் முடிவில் கற்றையின் நடுப்பகுதி அல்ஜீரியாவின் வடபகுதிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அடித்தளம் போட்டபின் அத்தவற்றைத் திருத்த வழியில்லை. தரையில் எழுதும் திசை மாறாது. எழுதும்போதே சரியாக எழுதப்பட வேண்டும் என்பது அதற்குரிய விலை.

எஃகுக் கோபுர வரிசைக்கு ஆகும் செலவைக் குறைத்து, மரக் கம்பத்தை மீண்டும் அரங்குக்குக் கொணர்ந்தவர் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த எட்மண்ட் புரூஸ். அவர் 1931 இல் வெளியிட்டு, 1935 இல் துணையாசிரியர்களோடு விரித்து எழுதிய வடிவம் சாய்சதுரம். நான்கு மூலைகளில் நான்கு மரக் கம்பங்கள். அவற்றின் உச்சியைத் தொட்டுச் செல்லும் கம்பி. கூர்ங்கோண மூலை ஒன்றில் கருவி, எதிர் மூலையில் ஒரு மின்தடை. இவ்வளவே. தந்திக் கம்பம் நாட்டத் தெரிந்த தொழிலாளரே இதையும் அமைத்துவிடலாம். உலகெங்கும் சிற்றலை நிலையங்கள் இதனை ஏற்றன. கடல் கடந்த தொலைபேசியும் அயல்நாட்டு ஒலிபரப்பும் பல்லாண்டுகள் இந்த நாற்கம்பங்களின் நிழலில் நடந்தன.

இதன் அருமையை நம் ஊர்ப் பந்தலைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். பந்தலின் நான்கு கால்களுள் ஒன்று தன் குழிக்குள் சுழன்றுவிட்டால் பந்தலின் வடிவம் மாறுமா? மாறாது. கால் நின்ற இடம் மாறினால்தான் மாறும். சாய்சதுர ஏரியலும் அத்தகையது. கருவியிருக்கும் கம்பத்துக்கும் எதிர்க் கம்பத்துக்கும் இடையே 200 மீட்டர் தூரம் என்று கொள்வோம். ஒரு கம்பத்தின் உச்சி ஒரு மீட்டர் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டாலும் ஏரியலின் திசை பாகையில் மூன்றில் ஒரு பங்கு அளவே மாறும். கம்பம் முறுக்கிக்கொள்வதைப் பற்றி எவரும் கவலைப்பட வேண்டியதில்லை.

இதே புரூஸ் வகுத்த இன்னொரு வடிவத்தைக் கார்ல் ஜான்ஸ்கி என்னும் இளம் பொறியாளர் நியூ ஜெர்சி மாநிலத்து ஹோம்டெல்லில் மரச் சட்டத்தில் பொருத்தி, மோட்டார் வண்டிச் சக்கரங்களின்மேல் ஏற்றி, 20 நிமிடத்துக்கு ஒரு சுற்றாக வேண்டுமென்றே சுழலவிட்டார். தொலைபேசிக்கு இடையூறான இரைச்சல் எத்திசையிலிருந்து வருகிறது என்று அறிவது நோக்கம். ஓர் இரைச்சல் நாளுக்கு ஏறத்தாழ நான்கு நிமிடம் முந்தி முந்தி வந்தது. விண்மீன்கள் உதிக்கும் கணக்கும் அதுவே. அது பால்வீதியின் நடுப்பகுதியிலிருந்து வருவதாக அவர் 1933 இல் அறிவித்தார். வானொலி வானியல் பிறந்தது. சுழலும் மரச் சட்டத்தால் இதைக் காண முடிந்ததற்குக் காரணம், அது சுழன்ற பாதை தரையில் நிலையாக இருந்ததே.

மரத்தை ஏன் நாடினர் என்று வாசகர்கள் கேட்கலாம். நம் நாட்டில் 1839 இல் கல்கத்தாவுக்கு அருகே ஓஷானஸி தந்திச் சோதனை செய்தபோது மூங்கில்களையே கம்பமாக்கினார். ஆனால் கறையானும் மழையும் மரத்தை விட்டுவைக்காமையால் பிற்காலத்தில் இரும்புக் குழாய்க் கம்பங்களும் கான்கிரீட் கம்பங்களும் பெருகின. காஷ்மீர் போன்ற மலைநாடுகளுக்குச் சென்றவர்களே மரத்தாலான மின்கம்பங்களைக் கண்டிருப்பர். அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளிலோ தெருவில் நிற்பவை பெரும்பாலும் மரக் கம்பங்களே. காடு அருகில், விலை குறைவு, ஏறுவது எளிது. அன்றியும் காய்ந்த மரம் மின்னைக் கடத்தாது. அருகிலுள்ள ஏரியலின் அலையை எஃகைப்போல் உண்டு உமிழாது. இன்று போலந்து நாட்டிலுள்ள கிளிவீட்சே நகரில் 1935 இல் எழுப்பிய வானொலிக் கோபுரம் 100 மீட்டருக்கு மேல் உயரமுடையது. லார்ச் மரத்தால் ஆனது. இரும்பாணிக்குப் பதிலாகப் பித்தளைத் திருகாணிகளால் இணைக்கப்பட்டது. அது இன்றும் நிற்கிறது.

மரக் கம்பத்தின் ஆயுளை நீட்டியதில் ஓர் இந்தியரின் பங்கு நாம் மறக்கலாகாதது. 1838 இல் இங்கிலாந்தில் கிரியோசோட் எண்ணெயை மரத்துக்குள் செலுத்தும் முறை காப்புரிமை பெற்றது. அதன்பின் தோன்றிய பெரிய மாற்று முறை செம்பு, குரோமியம், ஆர்செனிக் ஆகியவற்றின் உப்புக் கரைசல். 1933 இல் அதனைக் கண்டவர் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சோந்தி காமேசம். ஆர்செனிக்கின் நச்சுத்தன்மை கருதி வீட்டு உபயோக மரங்களில் அதனை அமெரிக்கா 2003 ஆம் ஆண்டின் முடிவோடு நிறுத்தியது; கம்பங்களுக்கு விலக்களித்தது. ஆகவே அந்நாட்டுத் தெருக்களில் பச்சை சாயலோடு நிற்கும் கம்பங்கள் பலவற்றில் டேராடூனின் அறிவு ஊறியிருக்கிறது.

ஆனால் கறையானிலிருந்து காத்தவர் முறுக்கத்திலிருந்து காக்க முடியவில்லை. பல மரங்களில் இழைகள் நேராக மேலே ஏறுவதில்லை. கயிற்றின் புரியைப்போல் நடுத்தண்டைச் சுற்றி ஏறுகின்றன. பச்சை மரம் காயும்போது குறுக்கில் நூற்றுக்குப் பல பங்கு சுருங்கும். நெடுக்கில் அதில் மிகச் சிறு பங்கே சுருங்கும். இழை நேராயிருந்தால் கம்பம் மெலிவதோடு சரி. இழை புரியாயிருந்தால் அச்சுருக்கம் கம்பத்தையே திருகும். ஈரத் துணியை முறுக்கிக் காயப்போட்டதைப்போல என்று சொல்லலாம். மழையில் சற்று அவிழும். கோடையில் மீண்டும் முறுக்கும். அடிப்பகுதி மண்ணின் ஈரத்தில் அசையாமல் இருக்க, உச்சி மட்டும் திரும்பும். கம்பத்தின் நீளத்தில் பத்தில் ஒரு பங்கும் அதனோடு இரண்டடியும் மண்ணுக்குள் இருக்க வேண்டும் என்பது பழைய நாட்டுவிதி. 40 அடிக் கம்பத்துக்கு 6 அடி. எவ்வளவு ஆழம் நாட்டினும் முறுக்கம் நிற்பதில்லை. அது மண்ணிலிருந்து வருவதன்று, மரத்தின் உள்ளிருந்து வருவது.

தந்திக் கம்பி தாங்கிய காலத்தில் இதனால் தீங்கில்லை. சாய்சதுரத்தின் காலத்திலும் இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நுண்ணலைகள் வந்தன. அவற்றோடு நிலைமை மாறிற்று. 1951 இல் அமெரிக்காவின் ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரை வரை 107 கோபுரங்களின் வழியே நுண்ணலைத் தொடர்பு திறக்கப்பட்டது. அலை சில சென்டிமீட்டரே ஆதலால் ஹெர்ட்ஸின் ஆடி மீண்டும் வந்தது. டிஷ் என்று நாம் வழங்கும் கிண்ணம் அதுவே. அதனைத் தனியொரு தூணின் கழுத்தில் மாட்டிவிடலாம். அன்று தூண்கள் கனத்த எஃகாலும் கான்கிரீட்டாலும் ஆனவை. பிற்காலத்தில் கருவிகள் சிறுத்தன. இணையச் சேவை சிற்றூர்களுக்குப் பரவிற்று. ஏற்கெனவே தெருவில் நிற்கும் மரக் கம்பங்களே கிண்ணங்களுக்குத் தாங்கலாயின. அவ்வாறு, தரையில் எழுதியிருந்த திசை ஒற்றைக் கம்பத்தின் கழுத்துக்கு ஏறிவிட்டது. தந்தையாரின் கோடு சுவரைவிட்டு மீண்டும் மூங்கிலுக்கு வந்துவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

இதன் விளைவைச் சிறு கணக்கால் அறியலாம். 20 சென்டிமீட்டர் தடிமனுள்ள கம்ப உச்சியின் சுற்றளவு ஏறத்தாழ 63 சென்டிமீட்டர். அதில் ஒரு பாகை என்பது இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு நெல்மணியின் அகலம்கூட இல்லை. அவ்வளவு திரும்பினால் 10 கிலோமீட்டருக்கு அப்பால் கற்றை 175 மீட்டர் விலகிவிடும். 60 சென்டிமீட்டர் கிண்ணத்தில் ஆறு சென்டிமீட்டர் அலையை அனுப்பினால் கற்றையின் அகலம் ஏறத்தாழ ஏழு பாகை; ஓரிரு பாகை விலகலை அது பொறுத்துக்கொள்ளும். 30 சென்டிமீட்டர் கிண்ணத்தில் நான்கு மில்லிமீட்டர் அலையை அனுப்பினாலோ கற்றையின் அகலம் ஒரு பாகையே. அரைப் பாகை திரும்பினால் ஆற்றல் பாதியாகும். அதே கம்பம், அதே முறுக்கம். ஓர் அலைக்கு அது பொருட்டன்று, இன்னோர் அலைக்கு அதுவே முடிவு. அலை சிறுக்கச் சிறுக்கச் செய்தியின் அளவு பெருகுகிறது. அதற்கேற்பக் கம்பத்தின்மீது நாம் வைக்கும் எதிர்பார்ப்பும் பெருகுகிறது.

ஸ்டே கம்பி கட்டினால் போதாதோ என்று தோன்றலாம். கம்பத்துக்கு மூன்று வகை அசைவு உண்டு: சாய்வு, வளைவு, முறுக்கம். ஸ்டே கம்பி முதல் இரண்டையும் தடுக்கும். மூன்றாவதைத் தடுக்காது. கம்பத்தின் நடுவை நோக்கி இழுக்கும் கம்பிக்குத் திருகலை எதிர்க்கும் பிடிமானம் இல்லை. பம்பரத்தின் தலையை நான்கு பக்கமும் நூலால் இழுத்துப் பிடித்தாலும் அது தன் அச்சில் திரும்பக்கூடும் அல்லவா? திருகலைத் தடுக்க வேண்டுமாயின் கம்பத்திலிருந்து கைகளை வெளியே நீட்டி, அக்கைகளின் நுனியில் கம்பிகளைக் கட்ட வேண்டும். உயர்ந்த எஃகுத் தண்டுகளில் அவ்வாறே செய்கின்றனர். அல்லது அருகருகே இரண்டு கம்பங்களை நாட்டி, குறுக்குச் சட்டம் இணைத்து, அச்சட்டத்தில் கிண்ணத்தைப் பொருத்தலாம். இரண்டு கால்கள் சேர்ந்தவுடன் திசை மறுபடியும் தரைக்கு இறங்கிவிடுகிறது. பந்தலின் அறிவுதான் அது.

இவ்வசதி இல்லாத இடத்தில் மனிதரே காவல். திசைகாக்கும் பணி எவ்வாறு நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்வோம். நன்கு உலர்ந்த, இழை நேரான கம்பத்தைத் தேர்கின்றனர். கம்பத்தைச் சுற்றிய பட்டையைவிட, ஊடுருவிச் செல்லும் ஆணியை நம்புகின்றனர். மரம் மெலியும்போது பட்டை தளர்ந்துவிடும். பின்னர் இரண்டு முனைகளிலும் ஒவ்வொருவர் ஏறி, ஒருவர் அசையாதிருக்க மற்றவர் கிண்ணத்தை மெல்லத் திருப்புகிறார். இங்கே ஒரு பொறி உண்டு. கற்றையின் பேருச்சிக்கு இருபுறமும் சிற்றுச்சிகள் இருக்கும். கோயிலின் இராச கோபுரம் என்று எண்ணிப் பக்கத்துச் சிறு கோபுரத்தின்முன் நின்றுவிடுவதைப்போல, புதியவர் சிற்றுச்சியிலேயே திருகாணியை இறுக்கிவிடுவார். அனுபவமுள்ளவர் உச்சியைக் கடந்து அப்பாலும் சென்று பார்த்துவிட்டே திரும்புவார். இறுதியில் எண்ணைக் குறிப்பேட்டில் எழுதுவார்; கம்பத்தில் இடும் அடையாளத்தை நம்பாமல், தொலைவிலுள்ள ஒரு நீர்த்தொட்டியையோ மலைமுகட்டையோ நேர்க்குறியாகக் கொள்வார். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடந்தபின் மறுபடியும் ஏறுவார். முதலாண்டில் திரும்புவதே மிகுதி என்பது அவருடைய அனுபவம்.

இதெல்லாம் எதற்காக? தமிழகத்திலிருந்தே ஒரு சான்று தரலாம். தேனியிலுள்ள அரவிந்த் கண் மருத்துவமனை 2000 களின் நடுவில், கலிபோர்னியாவின் பெர்க்கிலி பல்கலைக்கழக ஆய்வாளர்களின் துணையோடு, சுற்றுப்புற ஊர்களிலுள்ள கண் பரிசோதனை நிலையங்களை இத்தகைய திசை ஆன்டெனாக்களால் இணைத்தது. அங்கே தாங்கி நின்றவை மரக் கம்பங்கள் அல்ல; கற்றையின் இயல்போ ஒன்றே. ஊரில் அமர்ந்த நோயாளியைத் தேனியிலிருக்கும் மருத்துவர் திரையில் கண்டு பேசுகிறார். நகரத்துக்குச் சென்று வரும் செலவையும் ஒரு நாள் கூலியையும் அம்மூதாட்டிக்கு மிச்சப்படுத்துவது, இடையிலுள்ள சில கிண்ணங்கள் தம் திசையில் நிற்பதே. அவை சில பாகை திரும்பினால் எந்த யந்திரமும் பழுதாகாது. எந்த விளக்கும் அணையாது. ஆனால் மருத்துவர் முகம் திரையில் தோன்றாது.

ஹெர்ட்ஸ், போஸ், மார்க்கோனி, பிராங்க்ளின், புரூஸ், ஜான்ஸ்கி என்று இக்கட்டுரையில் பல பெயர்களைச் சொன்னோம். போல்டுவின் 20 கம்பங்கள் வீழ்ந்த மறுநாள் அங்கே சென்று கயிறு பிரித்தவர்கள் பெயரையோ, சாய்சதுரக் கம்பங்களின்மேல் ஏறிக் கம்பியின் தொய்வைத் திருத்திவந்தவர்கள் பெயரையோ சொல்ல இயலவில்லை. கண்டுபிடித்தலுக்கு ஆண்டு உண்டு. காத்தலுக்கு ஆண்டு இல்லை. வரலாறு எழுதுவோர் முன்னதை எளிதில் எழுதிவிடுகின்றனர். பின்னது நின்றுபோன நாளில்தான் அப்படி ஒன்று நடந்துவந்ததே தெரிகிறது.

வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு இதில் தனிப்பட்ட அக்கறையும் உண்டு. ஊரிலிருந்து நம்மிடம் வந்து சேரும் குரல் எதுவாயினும், வானொலியோ தொலைபேசியோ திரையோ, வழியில் எங்கோ ஒரு கம்பியோ கிண்ணமோ சரியான பக்கம் நோக்கி நிற்பதால்தான் வருகிறது. தில்லியில் இருப்போர் மாடிக்குச் சென்று ஒன்றைக் கவனிக்கலாம். கிழக்குத் தீர்க்கரேகை 83 பாகையில் நிற்கும் இந்தியச் செயற்கைக்கோள்களை நோக்கி அங்கே பொருத்தப்பட்ட கிண்ணங்கள், வானை நோக்கி நிமிர்ந்திருப்பினும், தெற்கிலிருந்து கிழக்காக ஏறத்தாழ 12 பாகை சாய்ந்து நிற்கும். உலக உருண்டையில் தில்லியிலிருந்து சென்னைக்கு ஒரு நூலைப் பிடித்தால் தெற்கிலிருந்து கிழக்காக ஏறத்தாழ 11 பாகை காட்டும். இவ்விரண்டும் நெருங்கியிருப்பது தற்செயல். ஆயினும் மாடியில் அக்கிண்ணத்தைத் திருப்பிப் பொருத்திய தொழிலாளி, தாம் அறியாமலே அதன் முகத்தை நம் ஊர்ப்பக்கம் வைத்துவிட்டுச் சென்றிருக்கிறார்.

அடுத்த புயலுக்குப் பின் படம் மறைந்து, அவரோ அவரைப்போன்ற ஒருவரோ மீண்டும் ஏணியோடு வந்தால், அவர் இறங்குவதற்குள் கைப்பிடிச் சுவரின்மேல் நேராக ஒரு கோடு இட்டு வைத்துக்கொள்ளுங்கள். கோடு கம்பத்தில் வேண்டாம்; சுவரில் இருக்கட்டும்.